கோல்மாரிலிருந்து ஆஸ்லோ வரை: ஒரு நர்ஸின் ஓவியப் பயணம்

நாள் 1 – ஃப்ரைபுர்க்

வந்து சேர்ந்துவிட்டேன். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ரயில் பிடித்து, அண்ணன் மகள் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. ரசமும் பருப்பும் வைத்திருந்தாள். பயண அலுப்புக்கு அதைவிட என்ன வேண்டும்.

எதற்காக இந்தப் பயணம் என்று கேட்டவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசு மருத்துவமனையில் 32 வருஷம் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில். நர்சிங் படிக்கும்போது, மருத்துவ வரலாறு பற்றிய பழைய புத்தகம் ஒன்றில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். பெரிய தலையணையில் சாய்ந்திருக்கும் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் வரைந்த ‘நோயுற்ற குழந்தை’. அச்சு மோசம். இருவர் கைகளும் சேருமிடம் வெறும் கறையாகத் தெரிந்தது. ஆனாலும் நோட்டில் பென்சிலால் அதைப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு ஓவிய வகுப்புக்குப் போனேன். எக்ஸ்பிரஷனிசம் என்ற பெயரே அங்கேதான் சரியாகப் பிடிபட்டது. கண்ணில் படுவதை அப்படியே வரையாமல், மனசுக்குள் என்ன நடக்கிறதோ அதற்குத் தக்கபடி உருவத்தை வளைப்பது, நிறத்தை மாற்றுவது. பெரும்பாலும் இந்தக் கதையை 1905இல் டிரெஸ்டன் நகரில் நான்கு மாணவர்களிடமிருந்து தொடங்குவார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த மாணவர்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களைப் பார்த்தால், அவர்கள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களாகவே இருக்கிறார்கள். அதை நேரில் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

சரி, தூக்கம் வருகிறது. நாளைக்குக் கோல்மார்.

நாள் 2 – கோல்மார்

காலையில் ரயிலில் ப்ரைசாக், அங்கிருந்து பேருந்தில் ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். கோல்மார் சின்ன ஊர். மரச்சட்டம் போட்ட கலர் கலரான வீடுகளைப் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. நாங்கள் நேராக உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 13ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடமாக இருந்த கட்டடம் அது. அதன் தேவாலயக் கூடத்தில்தான் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது.

வரைந்தவர் மத்தியாஸ் கிரூனெவால்ட். 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தது. எக்ஸ்பிரஷனிசம் பிறப்பதற்கு நானூறு வருஷம் முன்பு! கிரூனெவால்ட் என்பது அவருடைய சொந்தப் பெயர்கூடக் கிடையாது. 1675இல் ஒரு நூலாசிரியர் அப்படி எழுதிவைக்க, அதுவே நிலைத்துவிட்டது. உண்மையான பெயரைக் கண்டுபிடிக்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

முதலில் தெரிவது சிலுவைக் காட்சி. சுமார் மூன்று மீட்டர் அகலம். பின்னால் வானம் கறுத்துக் கிடக்கிறது. சிலுவையில் தொங்குகிற உடம்பு, தேவாலயங்களில் நாம் பார்க்கிற சாந்தமான உடம்பு இல்லை. தோல் பச்சை கலந்த சாம்பல் நிறம். மேலெல்லாம் புண். ஒவ்வொரு புண்ணுக்குள்ளும் முள் சிம்பு ஒடிந்து நிற்கிறது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. ஒரே ஆணியில் அறையப்பட்ட பாதங்கள் முறுக்கிக்கொண்டு வீங்கியிருக்கின்றன. விரல்கள்தான் என்னை நிறுத்திவிட்டன. பத்து விரலும் விரைத்து, ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கீழே மண்டியிட்டிருக்கும் மகதலேனா மரியாளின் விரல்களும் அப்படியேதான் பின்னிக்கொண்டு துடிக்கின்றன. மற்றவர்களோடு பார்க்க மகதலேனா உருவத்தில் ரொம்பச் சின்னவள். இடத்தின் கணக்கு, தூரத்தின் கணக்கு எதுவும் இங்கே செல்லவில்லை.

நான் எத்தனையோ புண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். இந்த ஓவியர் புண்ணைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்று சத்தியம் செய்வேன். பார்த்தும்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் இது வரையப்பட்டது ஈசன்ஹைம் என்ற ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் நடத்திய மடத்துக்கு. அவர்கள் கவனித்துக்கொண்ட நோய்க்கு ‘புனித அந்தோனியாரின் நெருப்பு’ என்று பெயர். கை கால் தீப்பிடித்ததுபோல எரியும், கறுத்துப்போகும், கடைசியில் அழுகி உதிரும். ரை தானியத்தில் வளரும் எர்காட் என்ற பூஞ்சையே காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மடத்தில் நோயாளிகளுக்கு நல்ல ரொட்டி கொடுத்தார்கள், மூலிகைத் தைலம் தடவினார்கள். கெட்ட ரொட்டி நின்றதாலேயே சிலர் பிழைத்திருப்பார்கள். சேர்க்கும்போது நோயாளியை முதலில் இந்த ஓவியத்தின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்களாம்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இந்தப் பூஞ்சையின் உறவுக்காரனைத் தெரியும். கம்பில் வருகிற தேன் ஒழுகல் நோய். கதிரிலிருந்து தேன்போல வடிந்து, அப்புறம் கறுப்புக் கறுப்பாய்க் கட்டிவிடும். விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கிற பதரையும் பூஞ்சையையும் வழித்து எறிவார்கள். எங்கள் அப்புச்சி செய்து பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு வழியிலும் அதைத் தெரியும். பிரசவமான பிறகு ரத்தப்போக்கு நிற்க நாங்கள் போடும் மெத்தர்ஜின் ஊசி எர்காட்டிலிருந்து வந்த மருந்துதான். கர்ப்பப்பையை இறுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும். அந்தக் குழாய்ச் சுருக்கமே அன்று ரொட்டி தின்றவர்களின் விரல்களைக் கறுக்க வைத்தது. எத்தனை நூறு தடவை அந்தச் சின்ன ஆம்பூலை உடைத்திருப்பேன்! அந்தச் சிலுவைக்கு முன்னால் நின்றபோது என் கட்டைவிரலில் அந்தக் கண்ணாடிக் கழுத்து முறிகிற உணர்வு அப்படியே வந்தது.

ஓவியம் பல கதவுகள் உள்ளது. சாதாரண நாளில் மூடியிருக்கும், விசேஷ நாட்களில் திறப்பார்கள். இப்போது பலகைகளைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தியிருப்பதால் எல்லாவற்றையும் சுற்றிவந்து பார்க்கலாம். சிலுவைக்குப் பின்பக்கம் உயிர்த்தெழுதல்: இருட்டில் மஞ்சளும் ஆரஞ்சுமாய் ஒரு வட்டம், அதில் முகமே வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. ஆணியும் ஈட்டியும் பட்ட தழும்புகளைத் தவிர வேறு புண் இல்லை. இன்னும் உள்ளே போனால் அந்தோனியாரை அரக்கர்கள் வதைக்கும் காட்சி. அதன் இடது மூலையில், கீழே, ஒரு உருவம் உட்கார்ந்திருக்கிறது. வயிறு ஊதி, உடம்பெல்லாம் கொப்புளம், கை மொண்டி. அது அரக்கனா மனுஷனா என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் மகள் மெதுவாகக் கேட்டாள், “அத்தை, இது பேஷன்ட்டா?”

“அப்படித்தான் கண்ணு தெரியுது” என்றேன்.

அங்கே வந்து படுத்தவர்கள் எல்லோருக்கும் அந்த மூலையில் தன்னுடைய உடம்பு தெரிந்திருக்கும். அது அவர்களைப் பயமுறுத்தவில்லை, நீ பார்க்கப்பட்டாய் என்று சொன்னது என்பதே என் எண்ணம். வார்டில் புண்ணைப் பார்த்து முகத்தைத் திருப்பாமல் நிற்கிற ஒருவரை நோயாளி எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நாள் 3 – ரயில்

நாள் முழுக்க ரயில். ஃப்ரைபுர்க்கிலிருந்து ப்ரேமன் வரை ஜெர்மனியின் ஒரு முனையிலிருந்து கிட்டத்தட்ட மறு முனை. முழங்கால் வீங்கிவிட்டது. புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தோம், அது போதுமானதாக இருந்தது.

நேற்று எழுத விட்டுப்போன ஒன்று. முதல் உலகப் போரின்போது கோல்மார் ஜெர்மனியிடம் இருந்தது. பாதுகாப்புக்காக அந்த ஓவியத்தை மூனிக் நகருக்கு எடுத்துப்போனார்கள். 1918 கடைசியிலிருந்து 1919 வரை அது அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. போரில் தோற்று, பிள்ளைகளைப் பறிகொடுத்து நின்ற ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் முன்னால் நின்றார்கள். பிறகு அது கோல்மாருக்கே திரும்பிவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறை ஓவியர்கள் அதை மறக்கவில்லை.

நாள் 4 – ப்ரேமன்

ப்யோட்ஷர்ஷ்ட்ராஸெ என்று ஒரு சந்து. நூறு மீட்டர் நீளம்தான் இருக்கும். செங்கல்லை இஷ்டத்துக்கு வளைத்துக் கட்டிய கட்டடங்கள். ஒரு காபி வியாபாரியின் பணத்தில், பெர்ன்ஹார்ட் ஹ்யோட்கர் என்ற சிற்பி வடிவமைத்த வீடு ஒன்றில் பவுலா மோடர்சோன்-பெக்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1927இல் திறந்தது. ஒரு பெண் ஓவியருக்கென்றே உலகில் முதன்முதலாக வந்த அருங்காட்சியகம் இதுதான்.

பவுலா 1876இல் டிரெஸ்டனில் பிறந்தவர். 31 வயதில் இறந்துவிட்டார். அதற்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். உயிரோடு இருந்தபோது விற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எக்ஸ்பிரஷனிஸ்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே, எந்தக் குழுவிலும் சேராமல், தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தவர்.

1906 மே 25ஆம் தேதி பாரிஸில் இருந்துகொண்டு தன்னைத்தானே வரைந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அன்று தன்னுடைய ஆறாவது திருமண நாள் என்று படத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். கணவர் ஓட்டோ மோடர்சோனை விட்டுவிட்டு வந்திருந்த சமயம். இடுப்புக்கு மேல் ஆடையில்லை. கழுத்தில் ஆம்பர் மணி மாலை. பின்னணியில் இளம்பச்சையும் மஞ்சளுமாகத் தீற்றல்கள். முகத்தில் நெளிவு சுளிவெல்லாம் இல்லை. கண் பெரிது, மூக்கு ஒரே கோடு. லூவர் அருங்காட்சியகத்தில் பார்த்த பழைய எகிப்திய மம்மி முகப்படங்கள் அவரை ரொம்பப் பாதித்திருந்தன. அந்தச் சாயல் இதில் நன்றாகவே தெரிகிறது. ஒரு பெண் ஓவியர் தன்னை ஆடையின்றி வரைந்த முதல் படங்களில் இது ஒன்று என்று எல்லோரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள்.

என் கண் போனது கைகளுக்கு. வலது கை வயிற்றுக்கு மேலே, இடது கை வயிற்றுக்குக் கீழே. அடிவயிற்றைத் தாங்குகிற அந்தப் பிடியை ஐந்தாம் மாசத்துக்கு அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாப் பெண்களும் பிடிப்பார்கள். ஆனால் பவுலா அப்போது கர்ப்பமாக இல்லை! இல்லாத பாரத்தைக் கை தாங்குகிறது. எக்ஸ்பிரஷனிசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கைகளைக் காட்டுவேன். படத்தில் கீழே கையெழுத்து ‘பி.பி.’ என்றுதான் இருக்கிறது. கணவரின் குடும்பப் பெயர் இல்லை.

இன்னொரு படம், ஏழைகள் விடுதியில் இருந்த ஒரு கிழவி தோட்டத்தில் உட்கார்ந்திருப்பது. சுற்றிலும் கசகசாப் பூ, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோளம். கிழவியின் உடம்பு ஒரு மலை மாதிரி. பரிதாபப்பட வைக்கும் படம் இல்லை அது. ராணியை வரைவதுபோல வரைந்திருக்கிறார்.

நாள் 5 – வோர்ப்ஸ்வேடெ

ப்ரேமனிலிருந்து பேருந்தில் இந்தக் கிராமம். சுற்றிலும் சதுப்பு நிலம். முன்பு இங்கே புல்கரி, அதாவது அடுப்பெரிக்கிற சதுப்பு மண், வெட்டி எடுத்துப் படகில் அனுப்புவார்கள். பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. 1889இல் சில இளம் ஓவியர்கள் இங்கே வந்து தங்க, ஊரே ஓவியர் ஊராகிவிட்டது. அவர்கள் நிலத்தையும் மேகத்தையும் அழகாக வரைந்தார்கள். பவுலா இங்கே வந்து ஏழைகளின் விடுதிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கிழவிகளையும் பால் கொடுக்கிற தாய்மாரையும் குழந்தைகளையும் வரைந்தார். 1899இல் ப்ரேமனில் சில படங்களைக் காட்சிக்கு வைத்தபோது பத்திரிகையில் விமர்சகர் கிழித்துத் தொங்கவிட்டார்.

சீயோன் தேவாலயத்தைப் பார்த்தோம். 1900 ஆகஸ்டில் பவுலாவும் தோழி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் உற்சாகத்தில் கோபுரத்தில் ஏறி மணியை அடித்துவிட்டார்கள். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஊர் ஜனம் ஓடிவந்துவிட்டது. அதற்குத் தண்டனையாகத் தேவாலயத்துக்கு அலங்காரம் செய்துகொடுக்கச் சொன்னார்கள். கிளாரா தேவதூதர்களின் தலைகளைச் செதுக்கினார், பவுலா பூக்களை வரைந்தார். இரண்டும் இன்னும் இருக்கின்றன. பூக்களைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, தொடவில்லை.

பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம்.

பவுலா கணவரோடு சேர்ந்து ஊர் திரும்பி, 1907 நவம்பர் 2ஆம் தேதி பெண் குழந்தை பெற்றார். கஷ்டமான பிரசவம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுமார் பதினெட்டு நாள் படுக்கை. எழுந்திருக்க அனுமதி கிடைத்த அன்று கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, கூந்தலைப் பின்னிச் சுற்றி, ரோஜாப் பூ வைத்துக்கொண்டார். அடுத்த அறைக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது.

நாங்கள் சுகப்பிரசவம் என்றால் சில மணி நேரத்திலேயே எழுப்பி நடக்க வைப்போம். “வலிக்குதும்மா, நாளைக்கு எந்திரிக்கறேன்” என்று கெஞ்சுவார்கள். விடமாட்டேன். கல் மனசு என்று திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கல்லறை முன்னால் நின்று, அந்தத் திட்டெல்லாம் நியாயமில்லை என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னேன்.

கல்லறை மேல் ஹ்யோட்கர் செய்த சிற்பம். சாய்ந்து கிடக்கும் தாய், மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. மழையில் கல் பாசி பிடித்திருக்கிறது. பவுலா கடைசியாகச் சொன்ன வார்த்தை ‘ஷாடெ’. என்ன அர்த்தம் என்று கேட்டேன். அண்ணன் மகள் யோசித்துவிட்டுச் சொன்னாள், “அச்சச்சோ மாதிரி அத்தை. பஸ்ஸை விட்டுட்டா, புடிச்ச கேக் கடையில தீந்துபோயிருந்தா சொல்லுவோம்.”

திரும்புகிற பேருந்தில் நாங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

நாள் 6 – டிரெஸ்டன்

எல்லோரும் கதையைத் தொடங்கும் ஊர். 1905 ஜூன் 7ஆம் தேதி, இங்கே கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு பேர் ‘ப்ரூக்கெ’ என்ற குழுவை ஆரம்பித்தார்கள். ப்ரூக்கெ என்றால் பாலம். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், எரிஷ் ஹெக்கெல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் ப்ளைல். 25 வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பழைய கடையைப் பிடித்து அதிலேயே வரைந்தார்கள், மேஜை நாற்காலிகூட அவர்களே செதுக்கிக்கொண்டார்கள். 1906இல் முதல் குழுக் கண்காட்சியை ஒரு விளக்குத் தொழிற்சாலையின் காட்சி அறையில் வைத்தார்கள்.

குழு தொடங்கிய அதே 1905 நவம்பரில் டிரெஸ்டனில் ஆர்னால்ட் என்ற கலைக்கூடத்தில் வான்கோவின் படங்கள், சுமார் 50, காட்சிக்கு வந்தன. வான்கோ செத்து 15 வருஷம் ஆகியிருந்தது. இந்தப் பையன்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மனிதனின் பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்லப் பார்த்தேன் என்று ஒரு இரவு விடுதிப் படத்தைப் பற்றித் தம்பிக்கு எழுதியவர் வான்கோ. அடுத்த வருஷம் மூங்க்கின் படங்களும் டிரெஸ்டனுக்கு வந்தன. ஆக, வேர் எல்லாம் வேறு ஊர்களில் இருந்தது. இங்கே வந்து ஒன்றாக முளைத்தது.

நகரம் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்தக் கடைகளைத் தேடி அலைய என் முழங்கால் விடவில்லை. ஆல்பர்ட்டினம் அருங்காட்சியகத்துக்கு மட்டும் போனோம். அங்கே ஓட்டோ டிக்ஸ் வரைந்த ‘போர்’ இருக்கிறது. 1929இலிருந்து 1932 வரை வரைந்தது. உள்ளே நுழைந்ததும் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், “கோல்மார், அத்தை!” என்று. ஆமாம். அதே மாதிரி நடுவில் பெரிய பலகை, இரண்டு பக்கமும் சிறகு மாதிரி பலகைகள், அடியில் பிணம் கிடத்திய நீளப் பலகை. நடுப்பலகையில் தலைகீழாகக் கிடக்கிற ஒரு சிப்பாயின் கால்கள், கிரூனெவால்ட் வரைந்த உடம்பு மாதிரியே முழுக்கப் புண். மேலே இரும்புக் கம்பியில் சிக்கிய எலும்புக்கூடு ஒன்று விரல் நீட்டிச் சுட்டிக்காட்டுகிறது. கோல்மாரில் சிலுவைக்கு அருகே நின்று சுட்டிக்காட்டிய யோவானின் விரல் அது. டிக்ஸ் அந்தப் போரில் எந்திரத் துப்பாக்கி ஏந்தியவர். 1933இல் நாஜிகள் வந்ததும் அவருடைய பேராசிரியர் வேலை போயிற்று.

நாள் 7 – பெர்லின்

ப்ரூக்கெ அருங்காட்சியகம் ஊருக்குத் தென்மேற்கே, காட்டு ஓரத்தில் இருக்கிறது. காட்டின் பெயர் க்ரூனெவால்ட். ஓவியருக்கும் காட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். ஷ்மிட்-ரோட்லுஃப் வயதான காலத்தில் தன் படங்களைக் கொடுத்து, 1967இல் திறந்தது. ஒற்றை மாடி, தாழ்ந்த கட்டடம். சன்னலுக்கு வெளியே பைன் மரங்கள்.

இவர்கள் மரச்செதுக்கு அச்சை ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. பலகையைக் கத்தியால் வெட்டும்போது நெளிவு குழைவுக்கு இடமில்லை. மரத்தின் ரேகை கத்தியை எதிர்க்கும். கோடு உடைந்து, கோணலாகித்தான் வரும். அந்த எதிர்ப்பு அச்சிலும் தெரிகிறது. 1906இல் கிர்ஷ்னர் குழுவின் அறிக்கையையே எழுத்து எழுத்தாகப் பலகையில் செதுக்கினார். தன்னைப் படைக்கத் தூண்டுவதை நேராக, கலப்படமில்லாமல் வெளிப்படுத்துகிற எவரும் எங்களைச் சேர்ந்தவர் என்று அதில் இருக்கிறது.

1911இல் குழு பெர்லினுக்கு வந்தது, 1913இல் சண்டையில் கலைந்தது. எக்ஸ்பிரஷனிஸ்ட் என்ற பெயர் பெர்லினில் பிரபலமானதும் அந்த 1911இல்தான். அந்த வருஷக் கண்காட்சியில் அது ஒட்டப்பட்டது பிரெஞ்சு ஓவியர்களுக்கு! பிறகுதான் ஜெர்மன்காரர்களுக்கு வந்து சேர்ந்தது.

ஹெக்கெல் முதல் உலகப் போரில் மருத்துவப் பணியாளராக இருந்தார் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நம் ஆள்! பெல்ஜியத்து ஆஸ்டெண்டில், 1915 கிறிஸ்துமஸுக்குக் காயம்பட்ட சிப்பாய்களுக்காகக் கூடாரத் துணியில் ஒரு மாதா படம் வரைந்துகொடுத்திருக்கிறார். அது இரண்டாம் உலகப் போரில் அழிந்துவிட்டது. வார்டில் வைக்க, கையில் கிடைத்த துணியில் வரைந்த படம். அது இருந்திருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கப் போயிருப்பேன்.

நாள் 8 – ஆஸ்லோ

காலை விமானம். மூங்க்கின் ஊர்.

மாலையில் எக்கெபெர்க் குன்றில் ஏறினோம். அங்கிருந்து கடல் கை மாதிரி ஊருக்குள் நுழைவது தெரிகிறது. மூங்க் இந்தப் பக்கத்தில்தான் இரண்டு நண்பர்களோடு நடந்துபோனார். வானம் ரத்தச் சிவப்பானது. நண்பர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர் மட்டும் நின்றுவிட்டார். இயற்கை முழுவதையும் துளைத்துக்கொண்டு போகும் ஒரு அலறலை உணர்ந்ததாக 1892இல் எழுதிவைத்தார். மறுவருஷம் ‘அலறல்’ வரைந்தார். எங்களுக்கு மேகம் மூடிக்கொண்டது, சிவப்பு வரவில்லை.

அந்தப் படத்தில் உருவம் அலறுவதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். அலறல் எனக்குப் பழக்கம். பிரசவ அறையில் அலறுகிற பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், என் கையைப் பிடித்து நெரிப்பாள். காதைப் பொத்திக்கொள்ள மாட்டாள். காதைப் பொத்துவது கதவுக்கு வெளியே நிற்கிற அவளுடைய அம்மா. இரண்டு கையாலும் காதை அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே வராமல் நிற்பாள். மூங்க் வரைந்தது அந்த அம்மாவை.

நாள் 9 – ஆஸ்லோ, தேசிய அருங்காட்சியகம்

‘அலறல்’ இங்கே இருக்கிறது, 1893இல் அட்டையில் வரைந்தது. வானத்துச் சிவப்பில், பென்சிலால், சின்னதாக, ‘பித்துப்பிடித்தவனால் மட்டுமே வரைந்திருக்க முடியும்’ என்று ஒரு வரி. யாரோ பார்வையாளர் கிறுக்கியதாக ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021இல் ஆராய்ந்து அது மூங்க்கின் கையெழுத்தே என்று சொன்னார்கள். அதன் முன்னால் நல்ல கூட்டம். நான் கூட்டத்தை விட்டு விலகி, ‘நோயுற்ற குழந்தை’யிடம் போனேன்.

மூங்க்கின் அப்பா ராணுவ மருத்துவர். அம்மா காசநோயில் இறந்தபோது மூங்க்குக்கு ஐந்து வயது. அக்கா சோஃபி அதே நோயில் 1877இல் இறந்தாள். அவளுக்கு 15, இவருக்கு 13. காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். மருந்து வர அதற்கப்புறமும் அறுபது வருஷம் ஆயிற்று. அக்கா இறக்கும்போது உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியை மூங்க் கடைசிவரை தன்னோடு வைத்திருந்தார். இதே காட்சியை நாற்பது வருஷத்தில் ஆறு முறை வரைந்தார். இங்கே இருப்பது முதலாவது, 1885–86.

நிறத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். குழந்தையின் தலைமுடி சிவப்பு என்று எனக்குத் தெரியாது. தலையணை வெள்ளை இல்லை, பச்சையும் சாம்பலுமாக இருக்கிறது. வியர்வையில் நனைந்து காய்ந்த தலையணை உறை அப்படித்தான் இருக்கும். இடது பக்கம் பெட்டியின் மேல் மருந்துப் புட்டி. வலது பக்கம் ஒரு கண்ணாடி டம்ளர். கட்டில் பக்கத்தில் என்னென்ன இருக்குமோ அதெல்லாம் இருக்கிறது, எதையும் விட்டுவிடவில்லை.

கிட்டத்தில் போனால் படம் முழுக்கக் கீறல். ஒரு வருஷம் போலப் போராடியிருக்கிறார். வரைவது, சுரண்டுவது, மறுபடி வரைவது. தூரிகையின் பின்முனையால் இழுத்த மாதிரி தடங்கள். 1886இல் காட்சிக்கு வைத்தபோது ஜனங்கள் அதன் முன்னால் நின்று சிரித்தார்கள், முடிக்காத படம் என்றார்கள். ஆறு வருஷம் கழித்து, 1892 நவம்பரில், பெர்லினில் அவருடைய 55 படங்களை வைத்த கண்காட்சியை அங்கிருந்த ஓவியர் சங்கமே ஒரு வாரத்தில் மூடவைத்தது. அந்தச் சண்டையில் அவர் பெயர் ஜெர்மனி முழுக்கப் பரவியது. டிரெஸ்டன் பையன்களுக்கு வழி அப்படித்தான் திறந்தது.

குழந்தை அந்தப் பெண்மணியைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வலது பக்கத்துக் கறுப்புத் திரையைப் பார்க்கிறாள். முகம் தெளிவாக இருக்கிறது. இடிந்துபோயிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அவள் முகமே நமக்குத் தெரியாது, தலை உச்சி மட்டும்தான். நோயாளிதான் அவளைத் தேற்றுகிறாள். இதை எத்தனை தடவை வார்டில் பார்த்திருக்கிறேன். சாகப்போகிறவர்கள் கூட இருக்கிறவரைப் பார்த்து, “சாப்பிட்டயா நீ?” என்று கேட்பார்கள்.

அப்புறம் கைகள். இருவர் கையும் சேரும் இடத்தைத் தேடினேன். புத்தகத்தில் இருந்த கறை அச்சின் தவறு என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். அச்சில் தவறே இல்லை. மூங்க் அங்கே ஒரு பூச்சுத்தான் வைத்திருக்கிறார். எந்தக் கை யாருடையது என்று பிரிக்க முடியாது. விரல் என்று ஒன்றுகூடக் கிடையாது.

மணியடித்தார்கள். மூடும் நேரம். அண்ணன் மகள் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். என் நோட்டுப் படத்தைப் பற்றி முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

“நீங்க எத்தனை விரல் போட்டீங்க அத்தை?”

“பத்தும் போட்டிருக்கேன் கண்ணு.”